பழுதான வன்தட்டும் பழைய எழுத்துருக்களும்: ஒரு தட்டச்சரின் கணினி அனுபவம்

2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் கணினியின் வன்தட்டு (ஹார்டு டிஸ்க்) பழுதடைந்தது. கும்பகோணத்துக்கு அருகில், வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலை செய்து வருகிறேன். ஆய்வேடுகள், சிறு பதிப்பாளர்களின் நூல்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், மனுக்கள் என்று 1998 முதல் நான் அடித்துக் கொடுத்த அத்தனையும் அந்த 500 ஜிபி தட்டில்தான் இருந்தன. அவற்றுள் ஒன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் ஊரின் வாய்க்கால்களையும் குளங்களையும் குடிமராமத்து முறையையும் பற்றி ஆறு ஆண்டுகளாக எழுதி, பகுதி பகுதியாக என்னிடம் தந்துவந்த நூல். தட்டச்சு முடிந்ததும் கையெழுத்துத் தாள்களை அவர் வைத்துக்கொள்வதில்லை. நானும் வேறு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அவரிடம் செய்தியைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லம்மா, கிடைச்ச வரைக்கும் பாருங்க" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அடுத்த ஏழு மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இதில் நான் பரிந்துரைக்கும் மென்பொருள்கள் யாவும் விலையில்லாமல் கிடைப்பவை. என்னைப் போல் தமிழில் நாள் முழுவதும் தட்டச்சு செய்பவர்களுக்கும், பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு திறக்க முடியாமல் இருப்பவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். தட்டு நிற்பதற்கு மூன்று வாரங்கள் முன்பிருந்தே அறிகுறிகள் தெரிந்தன. ஒரு சிறிய கோப்பு திறப்பதற்கு இரண்டு நிமிடம் ஆனது. அவ்வப்போது திரை அப்படியே உறைந்து, பின்பு தானாக மீண்டது. நான் வைரஸ் என்று எண்ணி முழுச் சோதனை நடத்தினேன்; அதன் பிறகும் வேகம் கூடாததால் தட்டிலுள்ள கோப்புகளைச் சீராக அடுக்கும் டிஃப்ராக் வேலையையும் இரவு முழுவதும் ஓட விட்டேன். பழுதாகிவரும் தட்டில் ஒருபோதும் செய்யக்கூடாத வேலை அது. ஏனென்றால் ஏற்கெனவே தள்ளாடும் தட்டை ஒவ்வொரு கோப்பையும் படித்து வேறு இடத்தில் எழுதச் சொல்கிறோம். வேகம் குறைந்தவுடன் செய்திருக்க வேண்டியது, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறிய மென்பொருளைத் திறந்து பார்ப்பது. ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டுவதுதான் இதன் வேலை. அதில் வரும் நீண்ட பட்டியலில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும்: பழுதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகள், திருத்தவே முடியாத பகுதிகள். இவற்றுள் ஏதேனும் ஒன்று சுழியமாக இல்லாவிட்டால் தட்டின் நிலையைக் காட்டும் கட்டம் பெரும்பாலும் மஞ்சளாக மாறிவிடும். மஞ்சளைப் பார்த்த அன்றே, வேறு எந்த வேலையையும் தொடங்காமல், முக்கியமான கோப்புகளை இன்னொரு தட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும்.

என் தம்பி மகன் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் நான் சொன்னதைக் கேட்டவுடன், "அத்தை, நான் வர்ற வரைக்கும் அதை ஆன் பண்ணாதீங்க, எதையும் அதுல எழுதவும் வேண்டாம்" என்றான். தட்டிலிருந்து டக் டக் என்று ஒலி வருகிறதா என்றும் கேட்டான். வந்தால் உள்ளே இருக்கும் படிக்கும் முனையே கெட்டிருக்கலாம், அப்போது வீட்டில் முயன்றால் இருப்பதும் போய்விடும், உரிய ஆய்வகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று விளக்கினான். நல்லவேளையாக என் தட்டில் ஒலி இல்லை. சில பகுதிகள் மட்டுமே படிக்க முடியாமல் போயிருந்தன.

அவன் முதலில் செய்தது கோப்புகளைத் தேடுவதன்று. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில், பென் டிரைவிலிருந்தே இயங்கும் ஒன்றைக் கொண்டு கணினியைத் தொடங்கி, டிடி-ரெஸ்க்யூ என்ற கருவியால் பழுதான தட்டு முழுவதையும் புதிதாக வாங்கிய 1 டிபி வெளித்தட்டில் ஒரே கோப்பாகப் படியெடுத்தான். இந்தக் கருவியின் சிறப்பு, நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் விரைவாக எடுத்துவிட்டுச் சிக்கலான பகுதிகளைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயல்வது. எதுவரை படித்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்கள் தெருவில் அந்த இரண்டு நாள்களில் மூன்று முறை மின்சாரம் நின்றது. படியெடுத்து முடித்த பின் பழைய தட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டோம். அதன் பிறகு எல்லா முயற்சியும் அந்தப் படியின் மீதே நடந்தது. பழுதான பொருளின் மீது நேரடியாக வேலை செய்யாமல் அதன் படியின் மீது வேலை செய்வது என்ற இந்த ஒரு வழக்கத்தை நான் இன்று எல்லாவற்றுக்கும் பின்பற்றுகிறேன். வாடிக்கையாளர் தரும் கோப்பைக்கூட அப்படியே வைத்துவிட்டு நகலில்தான் கை வைப்பேன்.

எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை சிதைந்திருந்ததால், போட்டோரெக் என்ற மீட்புக் கருவியைப் பயன்படுத்தினோம். பெயரைக் கண்டு படங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு வகைக் கோப்பும் ஒரு குறிப்பிட்ட அடையாளத்துடன் தொடங்கும் என்பதை வைத்துக்கொண்டு, வேர்டு, பிடிஎஃப் உள்ளிட்ட பல நூறு வகைகளை இது கண்டெடுக்கிறது. ஆனால் அட்டவணையைப் பார்க்காமல் தேடுவதால் கோப்பின் பெயரும் அது இருந்த கோப்புறையும் கிடைப்பதில்லை. எங்களுக்குக் கிடைத்தவை 24 கோப்புறைகளில் ஏறத்தாழ 12,000 கோப்புகள். ஒவ்வொன்றின் பெயரும் ஓர் ஆங்கில எழுத்தும் நீண்ட எண்ணும்தான். அவற்றுக்குள் எங்கோ தலைமையாசிரியரின் நூல் இருந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் மாதங்கள் ஆகும். கோப்புகளின் உள்ளடக்கத்தை ஒருமுறை படித்து அட்டவணைப்படுத்திக்கொண்டு, பின்பு எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது வரும் கோப்புகளைக் காட்டும் டாக்ஃபெட்சர் என்ற கட்டற்ற மென்பொருளைத் தம்பி மகன் நிறுவித் தந்தான். நான் ஆவலுடன் 'வாய்க்கால்' என்று தட்டச்சு செய்து தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. 'குடிமராமத்து' என்று தேடினேன். அதுவும் இல்லை. நூலே போய்விட்டதோ என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் மறுநாள்தான் புரிந்தது. நான் அந்த நாள்களில் தட்டச்சு செய்த எழுத்துரு பாமினி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பரவலாகப் புழங்கிய இத்தகைய பழைய எழுத்துருக்களில், கணினிக்குள் சேமிக்கப்படுவது தமிழ் எழுத்தே அன்று; ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பதால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. 'தமிழ்' என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே பதிவாகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அந்த ஆங்கிலக் குவியல்தான் தெரியும். நான் தேடியதோ ஒருங்குறியில், அதாவது தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறிகள் உள்ள இன்றைய யூனிகோடு முறையில். கோப்பில் இருந்ததோ ஆங்கிலம்.

இங்கே எனக்குக் கைகொடுத்தது இளமையில் தட்டச்சுப் பயிலகத்தில் கற்ற பாடம். பாமினியின் விசை அமைப்பு பெரும்பாலும் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் அமைப்பே. 'யளனக' என்று இடது கையின் நான்கு விரல்களால் தொடங்கும் அந்த முதல் பாடம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. ஆகவே விசைப்பலகையை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பொறியில் அடிப்பதுபோலவே கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், திரையில் விழும் ஆங்கிலக் குவியல்தான் கோப்பிலும் இருக்கும். ஒரு சிறிய கவனம் மட்டும் தேவைப்பட்டது. பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளிக் குறி. தேடல் மென்பொருளோ அரைப்புள்ளியைச் சொல்லின் முடிவாகக் கருதி 'வாய்க்கால்' போன்ற சொற்களைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. புள்ளியே இல்லாத, அந்த நூலில் அடிக்கடி வரக்கூடிய ஒரு சொல் வேண்டும். 'மதகு' என்று அடித்து, ஈற்றில் எந்த உருபு சேர்ந்தாலும் வரட்டும் என்று ஒரு நட்சத்திரக் குறியையும் சேர்த்தேன். 31 கோப்புகள் வந்தன. அவற்றுள் 22 அவருடையவை. அந்தப் பட்டியல் திரையில் வந்த நிமிடத்தை இப்போது எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

அடுத்த வேலை அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவது. தமிழ்நாட்டு அரசு 1999இல் தாம், தாப் என்ற குறியாக்கங்களையும் (எந்த எழுத்துக்குக் கணினியில் எந்தக் குறி என்று வகுக்கும் முறைகள்) தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவில் வேலை செய்ததால், அந்தக் காலத்துக் கோப்புகள் ஒன்றுக்கொன்று புரியாத மொழிகள்போல் கிடக்கின்றன. சென்னையிலிருந்து வெளிவந்த என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் பாமினி, டிஸ்கி, தாப், தாம் முதலியவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தருகிறது. மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக மாற்றப்பட்டுப் பொருளற்றதாகிவிடும். அவருடைய நூலில் பிரிட்டிஷ் காலத்து அதிகாரிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் முப்பதுக்குள் இருந்தன. எண்கள் பாமினியில் எண்களாகவே இருப்பதால், ஒவ்வொரு பெயருக்கும் 9001, 9002 என்று எண் இட்டு, தனித் தாளில் குறித்துக்கொண்டு, மாற்றம் முடிந்த பின் பெயர்களைத் திரும்பப் போட்டேன்.

எந்த மாற்றியைப் பயன்படுத்தினாலும் சில பிழைகள் எஞ்சக்கூடும். அதற்குக் காரணம் மாற்றியன்று, எழுத்துரு. பாமினியில் 'ர'வுக்குத் தனி விசை இருந்தாலும், 'ர்', 'ரி' போன்றவற்றைத் துணைக்காலின் விசையாலேயே அடிப்பது வழக்கம்; அப்போது இரண்டுக்கும் ஒரே குறி. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ எது எழுத்து, எது கால் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் தவறினால் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' என்று காலின் மேல் புள்ளி வைத்ததாக ஆகிவிடுகிறது. பழைய பொறிகளில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்பு அடிப்போம்; ஒருங்குறியில் எழுத்து முதலில், குறி பின்பு. இதனால் 'தெரியும்' என்பதில் கொம்பையும் அடுத்துவரும் 'ர'வையும் ஒகரக் குறியாகச் சேர்த்துக்கொண்டு 'தொியும்' என்றும், 'சேர்ந்து' என்பதைச் 'சோ்ந்து' என்றும் மாற்றிவிடும். படிப்பவர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடலாம். ஆனால் அந்தக் கோப்பில் 'அவர்கள்' என்று தேடினால் கிடைக்காது. பிழைதிருத்தி ஒவ்வொரு சொல்லையும் தவறு என்று சிவப்புக் கோடிடும். இணையத்தில் இட்டால் தேடுபொறிக்கும் அகப்படாது. இன்றும் பல செய்திகளிலும் அறிக்கைகளிலும் இந்தப் பிழையை அப்படியே காண்கிறேன். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இதைத் திருத்த நோட்பேடு பிளஸ் பிளஸ் என்ற எளிய உரை திருத்தும் மென்பொருள் போதும். காலுக்குப் பின் புள்ளி என்பது தமிழில் எங்கும் வராத சேர்க்கை. ஆகையால் 'ா்' என்பதை 'ர்' என்று கோப்பு முழுவதிலும் ஒரே கட்டளையில் தயங்காமல் மாற்றலாம். அதேபோல் 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ொி' என்பதை 'ெரி' என்றும், 'ோ்' என்பதை 'ேர்' என்றும் மாற்றலாம். இப்படி எட்டு மாற்றங்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் ஔகாரத்தில் அவசரப்படக் கூடாது. 'மௌனம்' என்பதைக் கொம்பும் ளகரமும் சேர்த்து 'மெளனம்' என்று பலர் அடித்திருப்பார்கள். அதைத் திருத்துவதற்காகக் கொம்பும் ளகரமும் வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக மாற்றினால் 'வெளி', 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாம் கெட்டுவிடும். நீர்ப்பாசன நூலில் வெள்ளம் எத்தனை முறை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'மௌனம்', 'கௌரவம்', 'பௌர்ணமி' என்று சொல் சொல்லாகத்தான் தேடித் திருத்தினேன். எல்லாம் முடிந்த பின், நிரலாளர் நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியிலும் நாவி சந்திப்பிழை திருத்தியிலும் பகுதி பகுதியாக இட்டுப் பார்த்தேன். இவை இணையத்தில் இயங்குவதால், பிறருடைய வழக்கு ஆவணங்களையும் தனிப்பட்ட மனுக்களையும் அவற்றில் இடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நூலில் 14 பக்கங்கள் எந்தக் கோப்பிலும் கிடைக்கவில்லை. பிழை பார்ப்பதற்காக அச்சிட்டுக் கொடுத்த அவற்றின் மெய்ப்புத் தாள்கள் தலைமையாசிரியரின் பழைய பெட்டி ஒன்றில் அகப்பட்டன. அவற்றை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் வருடி, ஜிஇமேஜ்ரீடர் வழியாக டெசராக்ட் என்ற எழுத்துணரியைக் கொண்டு உரையாக்கினேன். டெசராக்ட் எண்பதுகளில் எச்பி நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, 2005இல் கட்டற்றதாக வெளியிடப்பட்டது. 2018இல் வந்த நான்காம் பதிப்பில் தமிழ் நன்றாகவே வருகிறது. தாளில் படிந்த தூசிப் புள்ளியை மெய்யெழுத்தின் புள்ளியாக எடுத்துக்கொள்வதும், மங்கிய புள்ளியை விட்டுவிடுவதும்தான் நான் கண்ட பெரும்பான்மைப் பிழைகள். மெய்ப்புப் பார்க்காமல் அதன் விளைவை யாருக்கும் தர முடியாது. ஆயினும் 14 பக்கங்களை மீண்டும் அடிப்பதைவிட நேரம் பாதியாகக் குறைந்தது.

மீட்ட பின்பு காப்பது பற்றி யோசித்தேன். இப்போது என் வேலைக் கோப்புறை மூன்று இடங்களில் இருக்கிறது: கணினியில் ஒன்று, மேசை இழுப்பறையில் உள்ள வெளித்தட்டில் ஒன்று, திருவாரூரில் உள்ள அக்கா வீட்டில் ஒன்று. நகலெடுப்பதற்கு ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். எவை புதியன, எவை மாறியுள்ளன என்று முதலில் பட்டியலிட்டுக் காட்டி, நாம் ஒப்புக்கொண்ட பிறகே நகலெடுக்கும். அதில் கண்ணாடிப் பிம்பம்போல் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக ஆக்கும் ஒரு முறை உண்டு. அது வசதியானது, ஆனால் கணினியில் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்திருந்தால், நகலிலும் அதை அழித்துவிடும். 2021இல் ஓர் ஆய்வேட்டின் இரண்டு இயல்களை நான் அப்படி அழித்தேன். அழிக்கப்படும் கோப்புகளை உடனே நீக்காமல் தேதியிட்ட தனிக் கோப்புறைக்கு நகர்த்தி வைக்கும் அமைப்பை முன்பே தேர்ந்தெடுத்திருந்ததால் அவை திரும்பக் கிடைத்தன. இந்த மென்பொருளை நிறுவுகிறவர்கள் முதல் நாளே அந்த அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். நகலெடுத்ததும் வெளித்தட்டைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் ஒன்று நுழையும்போது நகலும் சேர்ந்து போகும். மாதத்துக்கு ஒருமுறை நகலிலிருந்து ஏதேனும் ஐந்து கோப்புகளைத் திறந்தும் பார்க்கிறேன்.

அன்றாட வேலையில் எனக்கு நேரத்தை மிச்சப்படுத்தும் சில சிறு மாற்றங்களையும் சொல்கிறேன். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இ-கலப்பை மென்பொருளில் பழைய தட்டச்சு விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தாலும் வெளிவருவது ஒருங்குறிதான். ஆகவே பொறியில் பழகிய கை உள்ளவர்கள் ஒருங்குறிக்கு மாறத் தயங்க வேண்டியதில்லை. நான் மூன்று ஆண்டுகள் அப்படியே அடித்துவிட்டு, பின்பு தமிழ் 99க்கு மாறினேன். உயிர் இடது கையிலும் மெய் பெரும்பாலும் வலது கையிலும் அமைந்திருப்பதும், 'க' என்பதை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுந்து 'க்க' ஆவதும் நாள் முழுவதும் அடிப்பவர்களின் விரல்களுக்குப் பெரிய ஓய்வு. பழைய வேகம் திரும்பிவர ஆறு வாரங்கள் ஆயின.

வேர்டு போன்ற வேலைகளைச் செய்யும் இலவசத் தொகுப்பான லிப்ரே ஆபிஸுக்கு மாறிய பலர், தமிழ் எழுத்தின் அளவை மாற்றினாலும் மாறவில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். தமிழை அது சிக்கலான எழுத்தமைப்பு என்ற தனி வகையில் வைத்திருக்கிறது; ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழுக்கு வேறொன்றும் என்று பாணி அமைப்பில் தனித்தனியே குறிக்க வேண்டும். மொழி அமைப்புகளில் அந்த வகையை இயக்கி, இயல்பு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். அச்சகங்கள் பக்கம் வடிவமைக்கப் பயன்படுத்திய பழைய பேஜ்மேக்கர் கோப்புகளையும் அதன் டிரா பகுதி திறக்கும். பக்க அமைப்பு குலைந்து வந்தாலும் உரையை எடுத்துக்கொள்ளலாம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் பகுதியைத் தானுரையாகச் சேமித்து, சுருக்கெழுத்தை அடித்து எஃப்3 விசையை அழுத்தினால் முழுதும் வந்து விழும். தானாகச் சேமிக்கும் இடைவெளியை நான் மூன்று நிமிடமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் முந்தைய வடிவத்தைக் காப்புப் பிரதியாக வைக்கும் அமைப்பையும் இயக்கியிருக்கிறேன்.

விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் வி விசையை அழுத்தினால், நகலெடுத்த கடைசி 25 துண்டுகளும் பட்டியலாக வரும். 2018இன் பிற்பகுதியில் வந்த மேம்படுத்தலிலிருந்து இது உண்டு, முதல்முறை இயக்கிக்கொள்ள வேண்டும். கடவுச்சொல்லை நகலெடுத்தால் அதுவும் அந்தப் பட்டியலில் நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரை வைத்துத் தேட எவ்ரிதிங் என்ற மென்பொருளுக்கு இணையாக நான் எதையும் கண்டதில்லை. கோப்புறை கோப்புறையாக அலையாமல் தட்டின் அட்டவணையையே நேரடியாகப் படிப்பதால், மூன்றாவது எழுத்தை அடிப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. அதன் பயன் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் பெயர் வைப்பதில் ஒழுங்கு வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் இட்டு, பின்பு வாடிக்கையாளரின் சுருக்கப் பெயரையும் வேலையின் பெயரையும் இடுகிறேன்.

இவற்றைப் பதிவிறக்கும்போது ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். தேடலில் முதலில் வந்த விளம்பரத்தைத் தொட்டு, பச்சை நிறத்தில் இருந்த பெரிய பொத்தானை அழுத்தியதில், கேட்ட மென்பொருளுடன் வேண்டாத இரண்டும் சேர்ந்து வந்து உலாவியின் முகப்பையே மாற்றிவிட்டன. அதன் பிறகு உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ, விண்டோஸிலேயே உள்ள, மென்பொருள் நிறுவும் விங்கெட் கட்டளை வழியாகவோ மட்டும் நிறுவுகிறேன். கோப்புகளின் வகைக்குறியை மறைக்காமல் காட்டும்படி கோப்பு உலாவியில் மாற்றிக்கொள்வதும் அவசியம். பிடிஎஃப் என்று பெயரில் மட்டும் சொல்லிக்கொண்டு ஈஎக்ஸ்ஈ என்று முடியும் கோப்பை அப்போதுதான் அடையாளம் காண முடியும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. என் மடிக்கணினி விண்டோஸ் 11க்கு ஏற்றதாக இல்லை. ஆனால் வன்தட்டுக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி மாற்றி, நினைவகத்தை 8 ஜிபியாக உயர்த்திய பிறகு நன்றாக ஓடுகிறது. நல்ல பொருளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டை முதலில் பென் டிரைவிலிருந்தே ஒரு வாரம் இயக்கிப் பார்த்து, அச்சுப்பொறியும் வருடியும் வேலை செய்வதை உறுதிசெய்துகொண்டு, அதன் பின்பே நிறுவினேன். ஐபஸ் உள்ளீட்டு முறையில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99 அப்படியே கிடைக்கிறது. எவ்ரிதிங்கும் நோட்பேடு பிளஸ் பிளஸும் விண்டோஸுக்கே உரியவை என்பதால் அவற்றின் இடத்தில் வேறு கருவிகளைப் பழகிக்கொண்டேன். பழைய எழுத்துருக்களை மாற்றும் வேலைக்காக, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, பழைய விண்டோஸ் கணினி ஒன்றையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

தலைமையாசிரியரின் நூல் 2019 சித்திரையில் ஒருங்குறியில் முழுமை பெற்றது. அதை ஓப்பன் டாக்குமெண்டாகவும், எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃபாகவும், வெறும் உரையாகவும் மூன்று வடிவங்களில் இரண்டு பென் டிரைவ்களில் இட்டு அவரிடம் கொடுத்தேன். மீட்ட 12,000 கோப்புகளில் வேர்டுக் கோப்புகளாக இருந்த மற்றவற்றையும் மாலை நேரங்களில் மாற்றிவருகிறேன். அவற்றுள் எழுபதுக்கு மேற்பட்டவை, ஓர் அச்சகம் தன் வேலைக்கென்று குறிகளை இடம் மாற்றி அமைத்துக்கொண்ட எழுத்துருவில் உள்ளன. எந்த மாற்றியிலும் அதற்கு அட்டவணை இல்லை. ஓப்பன் தமிழ் என்ற, பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற தொகுப்பில், பழைய குறி ஒருபுறமும் ஒருங்குறி எழுத்து மறுபுறமுமாக அமைந்த எளிய பட்டியல்களைக் கொண்டே மாற்றம் நடக்கிறது என்றும், அதேபோல் ஒன்றை நாமே எழுதிச் சேர்க்கலாம் என்றும் தம்பி மகன் காட்டித் தந்தான். பழைய மெய்ப்புத் தாளையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு குறிக்கும் உரிய எழுத்தை எழுதிவருகிறேன். உயிரும் மெய்யும் முடிந்து, உகர வரிசையில் 'து' வரை வந்திருக்கிறேன்.